இம்பீரியல் ஹில்லில் இருந்து பார்த்த ஓடுபாதை

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் தெற்கு எல்லையை ஒட்டி, எல் செகுண்டோ ஊரில் இம்பீரியல் ஹில் என்று ஒரு மேடு இருக்கிறது. மேலே கிளட்டர்ஸ் பார்க் என்ற சின்னப் பூங்கா. கீழே இம்பீரியல் நெடுஞ்சாலை, அதைத் தாண்டினால் தெற்கு ஓடுபாதைகள் இரண்டும் கண்ணுக்கு எதிரே நீண்டு கிடக்கின்றன. விமானம் பார்க்கவென்றே காரை நிறுத்திவிட்டு நிற்பவர்கள் இங்கே எப்போதும் உண்டு.

நான் வந்தது நமக்குப் பக்கத்தில் இருக்கும் 25எல் ஓடுபாதையைப் பார்க்க. 2005 செப்டம்பர் 21 மாலை ஜெட்ப்ளூ நிறுவனத்தின் 292-ஆம் எண் விமானம், முன் சக்கரம் குறுக்கே திரும்பிய நிலையில் இறங்கியது அதில்தான். (பிற்பாடு அதைக் கொஞ்சம் தெற்கே தள்ளிப் புதிதாகப் போட்டுவிட்டார்கள்.)

இந்த ஆசை வந்ததற்கு நம்ம திருச்சிதான் காரணம். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை அன்று, ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருச்சி வட்டாரத்திலேயே சுற்றியது. உள்ளே 141 பயணிகள். நான் கைபேசியில், விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஃப்ளைட்ரேடார் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் சக்கரம் அது இது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இரவு எட்டேகால் வாக்கில் நல்லபடியாக இறங்கியது. நமக்கே நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதே, உள்ளே இருப்பவர்களும் இதையெல்லாம் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து போகவில்லை. 292-இல் அதுதான் நடந்தது.

பர்பேங்கிலிருந்து நியூயார்க் கிளம்பிய ஏர்பஸ் ஏ320 அது. மேலே ஏறியதும் முன் சக்கரம் உள்ளே மடங்கவில்லை. லாங் பீச் விமான நிலையத்தின் மேல் தாழப் பறந்தபோது, சக்கரம் 90 டிகிரி திரும்பிக் குறுக்கே நிற்பது கீழிருந்தவர்களுக்குத் தெரிந்தது. ஏ320-இல் எரிபொருளை வானிலேயே கொட்டிவிட வழியில்லை. எடை குறைவதற்காக மணிக்கணக்கில் சுற்றினார்கள்.

ஒவ்வொரு இருக்கைக்கும் எதிரே நேரலை டிவி. செய்திச் சேனல்கள் எல்லாம் இந்த விமானத்தையே காட்டின. திரும்பி நிற்கும் அந்தச் சக்கரத்தையும், என்னென்ன ஆகலாம் என்று ஸ்டுடியோவில் நடந்த பேச்சையும், 140 பயணிகளும் தங்கள் இருக்கையிலேயே பார்க்க முடிந்தது. சிலர் அழுதிருக்கிறார்கள். விவரம் தெரிந்தது நல்லதுதான் என்று பிறகு சொன்னவர்களும் உண்டு, அதுதான் பீதியைக் கிளப்பியது என்றவர்களும் உண்டு. இறங்குவதற்கு முன் திரைகள் அணைக்கப்பட்டன.

அணைத்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. எனக்கு அந்த நிலைமை வந்தால் எல்லாம் தெரிந்தாக வேண்டும், ஆனால் விமானியின் வாயால் தெரிய வேண்டும். ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஊகிப்பவருக்கு என் உயிர்மேல் என்ன பொறுப்பு?

பயணிகளைப் பின் வரிசைகளுக்கு மாற்றி, முன்பக்க எடையைக் குறைத்தார்கள். விமானி ஸ்காட் பர்க் பின் சக்கரங்களை முதலில் பதித்து, மூக்கை முடிந்தவரை தூக்கியே வைத்திருந்து, கடைசியில் நடுக்கோட்டின் மேல் மெதுவாக இறக்கினார். டயர் கிழிந்தது, புகை, அப்புறம் நெருப்பு. உலோகம் தேய்ந்துகொண்டே போய் விமானம் நேராக நின்றது. யாருக்கும் காயமில்லை. படிக்கட்டு கொண்டுவந்து வைத்ததும் எல்லோரும் நடந்தே இறங்கினார்கள்.

அந்த நெருப்புக் காட்சியைப் பார்த்தவர்கள் விசாரணை அறிக்கையையும் படிக்க வேண்டும். சக்கரம் திரும்பிவிடாமல் பிடித்திருக்கும் இரண்டு உலோகப் புடைப்புகள், தரையிறங்கும் முன் ஸ்டியரிங் அமைப்பு ஒவ்வொரு முறையும் செய்யும் சோதனை அசைவுகளால் நாளடைவில் சோர்ந்து முறிந்திருந்தன. 1999-இலேயே ஒஹையோவின் கொலம்பஸில் இன்னொரு ஏ320-க்கு முன் சக்கரம் இதேபோலத் திரும்பியிருக்கிறது. அப்படியும், அந்த ஸ்டியரிங் கணினியை வானில் ரீசெட் செய்து பார்க்க விமானிகளுக்கு ஒரு வழிமுறை இருக்கவில்லை. அதையும் காரணங்களில் ஒன்றாக அறிக்கை சொல்கிறது. பர்க்கைப் பாராட்டியது முழுக்க நியாயம். ஆறு வருடம் முன்பே ஒரு விமானம் காட்டிக்கொடுத்த கோளாறைச் சமாளிக்கும் பொறுப்பை அவர் தலையில் வைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.