ஒரே கொலுசு, மூணு டச்

பழைய வெள்ளி மாற்றப் போனால் எடை ஒன்றுதான் வரும். டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு, அப்படியில்லை, பார்க்கிற விதத்துக்கு ஒன்று வரும். அம்மாயியின் கொலுசை எடுத்துக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளில் ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டது இது.

முதல் கடைக்காரர் பழைய கை. கருப்பு உரைகல்லில் கொலுசால் ஓர் இழுப்பு, பக்கத்திலேயே தரம் தெரிந்த வெள்ளித் துண்டால் இன்னோர் இழுப்பு, இரண்டின் மேலும் ஒரு சொட்டு ஆசிட். நல்ல வெள்ளி ரத்தச் சிவப்பாகும். செம்பு கூடக் கூடப் பழுப்பு, கடைசியில் பச்சை. வெளிச்சத்தில் கல்லைச் சாய்த்துப் பார்த்து, "எண்பதுக்குப் பக்கம் வருதுங்க அக்கா" என்றார். இந்தக் கோடு அந்தக் கோட்டை எவ்வளவு ஒத்திருக்கிறது, அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த தகவல்.

அடுத்த கடையில் மெஷின். எக்ஸ்ரே பட்டதும் வெள்ளி சுமார் 22 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு கதிர் விடும், செம்பு 8-இல். அதைத் தரம் தெரிந்த தகட்டின் அளவோடு ஒப்பிட்டுத்தான் சதவீதம் காட்டுகிறது. தகடு வைத்துச் சரிபார்த்து எவ்வளவு நாளாச்சு என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு கடை பாருங்கள்.

மேல்பட்டையில் வைத்தால் 90-ஐத் தாண்டியது. சலங்கை பற்றவைத்த இடத்தில் 70-க்குக் கீழே போனது. மெஷின் பொய் சொல்லவில்லை. எக்ஸ்ரே எட்டுவது மேல்தோல் மட்டும்தான், அங்கே பாலிஷ் வெள்ளி. பற்றில் செம்பும் துத்தநாகமும்.   கொலுசில் எந்த இடத்தைத் தொட்டது என்பதுதான் முதல் கேள்வி.

அதனால் உருக்கிப் பார்க்கச் சொன்னேன். கண்ணெதிரே உருக்க வேண்டும், முன்னும் பின்னும் எடை போட வேண்டும், இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள். அழுக்கு போய் எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும். கட்டி ஆறியதும் கடைக்காரர் ஒரு பக்கம் மட்டும் பார்த்து விலை சொல்ல வந்தார். வெள்ளியும் செம்பும் உறையும்போது எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் நிற்பதில்லை. 72 பங்கு வெள்ளிக்கு 28 பங்கு செம்பு என்ற கலவை மட்டும் விதிவிலக்கு. திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொன்னதும் அரை டச் கூடியது. இரண்டுக்கும் நடுவில் வைத்து, அன்றைய விலையில் கணக்கு முடித்தார்.