மேடைக்கு முதுகு காட்டி

கல்லூரியில் படிக்கும்போது இரண்டு வருடம் சென்னையில் ஒரு நாடக அரங்கில் டார்ச் அடித்து இடம் காட்டும் வேலை பார்த்தேன். சனி, ஞாயிறு மாலைகளில் நாடகம். உறுப்பினர்களிடம் சந்தா வாங்கி நாடகம் நடத்தும் பல சபாக்கள் அரங்கை வாடகைக்கு எடுக்கும், அதனால் ஒரே நாடகம் திரும்பத் திரும்ப வரும். சந்தா கட்டிய உறுப்பினர்கள் முதல் மணி அடிப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சிரமமெல்லாம் தாமதமாக வருபவர்களிடம்தான்.

சபா நாடகம் சின்னச் சின்னக் காட்சிகளாக நகரும். காட்சி முடிந்ததும் விளக்கு அணையும், இசை வரும், நாற்காலி மேஜையை மாற்றுவார்கள். அந்த இருட்டுக்குள் கதவருகே நிற்பவர்களை உட்கார வைத்துவிட வேண்டும். டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடித்து, கண்ணாடியை விரல்களால் மூடிக்கொள்வேன். சிவப்பாகக் கொஞ்சம் கசியும். படி தெரிய அது போதும். நகைச்சுவை நாடகமென்றால், பெரிய சிரிப்பு எழும்போது கதவைத் திறந்தால் கீல் சத்தம் யாருக்கும் கேட்காது.

ஒருமுறை அவசரத்தில் டார்ச்சை நிமிர்த்திவிட்டேன். மகன் இறந்த செய்தியை அப்பா கேட்கும் காட்சி. வெளிச்சம் நேராக நடிகரின் முகத்தில். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டேன். மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே, "பரவாயில்ல தம்பி. முன் வரிசைல ஒரு அம்மா அழுதிட்டிருந்தாங்க. அவங்களப் பார்த்துத்தான் பேசிட்டிருந்தேன். டார்ச் பட்டதும் அவங்க தெரியல, அவ்வளவுதான்" என்றார்.

அதற்கப்புறம்தான் நானும் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கோடை நாடக விழாக்களில் புது நாடகங்கள் மேடையேறும். முதல் நாள், ஜனங்கள் எங்கே சிரிப்பார்கள் என்று நடிகர்களுக்கே தெரியாது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வசனத்தைச் சொல்லிவிடுவார்கள், பாதி காதில் விழாது. அதே நாடகம் சில மாதம் கழித்து வரும்போது, சரியாக அந்த இடத்தில் நடிகர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்! நாடகத்தில் பாதியை அந்த நாற்காலிகள்தான் எழுதுகின்றன என்று இன்றும் நம்புகிறேன்.

கடைசி மாதத்தில் ஒரு பாட்டி தனியாக, தாமதமாக வந்தார். விளக்கு அணைந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதி வழியில் மேடை விளக்கு வந்துவிட்டது. "இங்கயே உக்காந்துக்கலாம்ப்பா" என்று படியிலேயே உட்கார்ந்து, என் கையையும் பிடித்து இழுத்தார். டார்ச்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பலமுறை காதால் மட்டும் கேட்டிருந்த காட்சி அது. அந்த அப்பா அடுத்தவர் பேசப் பேச ஒரு சட்டையை மடித்துக்கொண்டே இருப்பார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.