ராணி வைக்கப் போய் வேலி பார்த்த கதை

கிளிநொச்சியில் லிங்க்டின் விடிவது மத்தியானம் 12.30க்கு. வேலைத் தொடர்புகளுக்கான அந்தத் தளத்தில் வரும் புதிர் விளையாட்டுகள் அமெரிக்க மேற்குக் கரையில் நள்ளிரவு ஆகும்போதுதான் மாறும். எங்களுக்கு அது சோறு போடுகிற நேரம். நவம்பரில் அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்தார்கள் என்றால் இங்கே 1.30 ஆகிவிடும். காலபோக வேலை நடக்கிற நாட்களில் வீட்டுச் சாப்பாடும் பிந்துவதால் அதைச் சமாளிக்கலாம். மற்ற மாதங்களில் அம்மா சோற்றுக் கோப்பையோடு நிற்பார், நான் போனோடு இருப்பேன்.

"சோறு ஆறிப்போச்சு. உதுக்குச் சம்பளம் தாறாங்களோ?"

சம்பளம் இல்லை. சம்பளம் தரக்கூடியவர்களும் அங்கே விளையாடுகிறார்கள், அவ்வளவுதான்.

2003இல் தொடங்கிய தளம் அது. இருபது வருடத்துக்கு மேலாக டை கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, 2024 மே மாதம் திடீரென்று குயீன்ஸ், பின்பொயின்ட், குறொஸ்கிளைம்ப் என்று மூன்று விளையாட்டுகளை இறக்கினார்கள். பிறகு டாங்கோ, ஸிப், மினி சுடோகு என்று குடும்பம் பெருகியது. ஒவ்வொன்றிலும் நாளுக்கு ஒரு புதிர்தான். முடித்தால், உன்னோடு இணைந்திருப்பவர்களில் யார் யார் விளையாடினார்கள், எத்தனை விநாடியில் முடித்தார்கள் என்று காட்டும்.

நான் வீட்டிலிருந்தே கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு மென்பொருள் சோதிக்கிற வேலை செய்கிறேன். ஒப்பந்தம் முடியப்போகிறது என்றால் எங்களைப் போன்றவர்கள் செய்வது ஒன்றுதான். பெரிய பதவியில் இருப்பவர்களுக்கெல்லாம் ரிக்வெஸ்ட் போட்டு, யாராவது ஏற்றுக்கொண்டால் "மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கி நீளமாக எழுதுவோம். ஐயாமார் வாசிப்பார்கள். அதோடு சரி.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் காரியமாகப் போனால் படலையைத் திறந்ததும் காரியத்தைச் சொல்வோமா? மழை எப்படி, இரணைமடுக் குளம் எத்தனை அடி, சிறுபோகத்துக்குத் தண்ணி விடுவாங்களோ என்று கதைப்போம். தேத்தண்ணி வரும், குடித்து முடிப்போம், எழும்பி வாசல் வரைக்கும் வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே "அது சரி அண்ணை, இன்னொரு விசயம்…" என்போம். லிங்க்டினில் அந்தத் தேத்தண்ணி இல்லை. நேராகக் காரியம்தான். அந்த இடத்துக்குத்தான் குயீன்ஸ் வந்தது.

குயீன்ஸ் தெரியாதவர்களுக்கு: சதுரக் கட்டம் பல நிறத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். நிரைக்கு ஒரு ராணி, நிரலுக்கு ஒரு ராணி, நிறத்துக்கு ஒரு ராணி. இரண்டு ராணிகள் மூலைக்கு மூலை கூடத் தொடக் கூடாது. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்த சித்தப்பா ஒரு நாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். விதியைக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"உந்தச் சின்னத் துண்டிலை தொடங்கு. ரெண்டு கட்டம்தானே கிடக்கு, அவளுக்கு வேறை போக்கிடம் இல்லை."

உண்மையில் குயீன்ஸின் முழு வித்தையும் அதுதான். எல்லை என்று வந்தால் சித்தப்பாவை மிஞ்ச ஆள் இல்லை.

டாங்கோவில் வேறு கூத்து. ஆறுக்கு ஆறு கட்டத்தில் சூரியனும் சந்திரனும் சரிபாதியாக வரவேண்டும், ஒரே உரு மூன்று சேர்ந்து நிற்கக் கூடாது. மாமி அதைக் கண்டுவிட்டு, "ஆற்றை சாதகம் பாக்கிறாய்?" என்றார்.

"சாதகம் இல்லை மாமி, விளையாட்டு. மூண்டு சூரியன் ஒண்டாய் நிக்கக் கூடாது."

"நிண்டால் தோசமோ?"

"ஓம் மாமி, பெரிய தோசம்."

பின்பொயின்டும் குறொஸ்கிளைம்பும் நமக்குச் சரிவராது. இரண்டும் இங்கிலிசுச் சொல் விளையாட்டு, அதுவும் அமெரிக்காவில் பிறந்தவனுக்கு எழுதினது போலிருக்கும். ராணிக்கும் சூரியனுக்கும் இங்கிலிசு தேவையில்லை. ஸிப்பில் இலக்கங்களை வரிசைப்படி ஒரே கோட்டால் இணைத்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால் போதும். மற்றபடி இந்தத் தளத்துக்குப் புகழவும் தெரியும். சில நாட்கள் முடித்தவுடன், இத்தனை வீதம் தலைமை நிறைவேற்று அதிகாரிகளை விட நீ கெட்டிக்காரன் என்று சொல்லும். அம்மாவிடம் காட்டினேன்.

"அப்ப ஏன் அவங்களுக்கு வேலை இருக்கு?"

போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

ரொறன்ரோவில் ஒருவர் இருந்தார். மென்பொருள் கொம்பனி ஒன்றில் பணிப்பாளர். என் ரிக்வெஸ்ட்டை ஏற்றவர், மதிப்புக்குரிய ஐயாவுக்குப் பதில் போடாதவர். இங்கே பின்னேரம் தேத்தண்ணி நேரம் அங்கே விடியற்காலை. எழும்பியதும் குயீன்ஸ் போடுவார் போல. பட்டியலில் எனக்கு மேலே போய் நின்றார், 19 விநாடி. நான் இங்கிலிசில் "19 விநாடி! கண்ணை மூடிக்கொண்டா போட்டீர்கள்?" என்று மட்டும் அனுப்பினேன்.

கோப்பி ஆறுவதற்குள் முடிக்கவேண்டும் என்பது தன் கொள்கை என்று உடனே பதில் வந்தது. அடுத்த நாளும் கதைத்தோம். வேலை என்ற சொல் இரண்டு பக்கமும் வரவில்லை. கொஞ்சக் காலம் விநாடிக் கணக்கிலேயே போனது. பிறகு ஒரு நாள் அவருடைய இங்கிலிசு முறிந்து, இங்கிலிசு எழுத்தில் தமிழ் வந்தது.

"தம்பி கிளிநொச்சியிலை எவடம்?"

சொன்னேன். அடுத்தது என்ன வரும் என்று எந்த வன்னியானுக்கும் தெரியும்.

"ஆற்றை மகன்?"

அம்மாவைக் கேட்டேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். அரை மணித்தியாலத்துக்குள், அம்மாவின் சித்தியின் மகளைக் கட்டியவரின் அண்ணன்தான் இந்தப் பணிப்பாளர் என்று முடிவாகியது. லிங்க்டின் எங்களுக்கு இடையில் பொதுவான இணைப்பு எதையும் காட்டவில்லை. அம்மா காட்டினார்.

"அப்ப நான் உனக்குப் பெரியப்பா முறை. சீவியை அனுப்பு, பாப்பம்."

வேலைக்கு அனுப்புகிற சுயவிபரக் கோவையைத்தான் கேட்கிறார். துள்ளிக் குதித்தேன். அடுத்த செய்தி அதற்குள் வந்துவிட்டது. முரசுமோட்டையில் அவருக்கு ஒரு காணி இருக்கிறதாம். கனகாலம் ஒருத்தரும் பார்க்கவில்லையாம். "ஒருக்காப் போய் வேலியைப் பாத்துப் படம் எடுத்து அனுப்பு மோனை." கனடா போகிற ஆள் யாராவது இருந்தால் முறிகண்டிக் கச்சானும் கொஞ்சம்.

சீவியை அனுப்பிவிட்டு, மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தன் சந்தியால் திரும்பிப் போனேன். கிளுவை வேலி நன்றாகத்தான் தழைத்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் முள்ளுக்கம்பி கீழே விழுந்து, அந்த வழியால் ஒரு சிவலைப் பசு முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்துப் பெரியப்பாவின் புல்லை ஆறுதலாக மேய்ந்துகொண்டிருந்தது. கயிறு மற்றப் பக்கத்து மரத்தில் கட்டியிருந்தது. எடுத்த படங்களில் அதுதான் தெளிவாக வந்தது.

சீவியைப் பற்றிப் பெரியப்பா இன்றைக்கும் வாய் திறக்கவில்லை. படத்துக்கு மட்டும் உடனே பதில் வந்தது: "அந்த மாடு ஆற்றை?"

பக்கத்து வளவுப் பொடியனிடம் விசாரித்தேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "உங்கடை சித்தப்பாவின்ரைதானே அண்ணை" என்றான்.

பின்னேரம் சித்தப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, பெரிதாக்கி, எல்லையை நிதானமாகப் பார்த்தார்.

"மூலைக்கு மூலைதானே தொடுது?" என்றார்.