தட்டுவடை செட்டைத் தின்றது யார்?

டி.என்.ஏ.வைப் போர்டில் வரைந்து வரைந்து எனக்கே அலுத்துவிட்டது. முறுக்கிய ஏணி, கலர் சாக்பீஸ், பிள்ளைகளின் கொட்டாவி. அதனால் போன வாரம் பத்தாம் வகுப்பில் ஒரு திருட்டு நடத்தினேன். ஆசிரியர் அறையில் வைத்திருந்த தட்டுவடை செட்டைக் காணோம். பக்கத்தில் எச்சில் பட்ட டம்ளர் ஒன்று. சேலத்தில் இதைவிடப் பெரிய குற்றம் உண்டா?

டி.என்.ஏ.வைக் கண்ணால் பார்க்க, முதலில் பூவன் பழத்தைப் பிசைந்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் கலந்து துணியில் வடிகட்டினோம். சோப்பு, செல்லின் கொழுப்புச் சவ்வை உடைத்துவிடும். ஓரமாக ஸ்பிரிட்டை ஊற்றினால் வெறும் கலங்கல்தான். வெயிலில் ஸ்பிரிட் சூடேறிக் கிடந்தது. எதிரே ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிக் குளிரவைத்து மறுபடி ஊற்றியதும் வெள்ளை வெள்ளையாக நூல் மிதந்தது. "சளி மாதிரி இருக்குங்க டீச்சர்!" சரிதான். பூவனுக்குக் குரோமோசோம் மூன்று செட் என்றேன். "அதுலயும் செட்டா!"

அப்புறம் காகித நாடாக்கள். நம் டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரு குட்டித் துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓர் எண் அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது. சந்தேகப்பட்ட ஐந்து பேருக்கும் நாடா செய்திருந்தேன். எண்ணுவதற்கு முன்பே வகுப்பு மொத்தமும் கடைசி பெஞ்ச் பையன் ஒருவனைக் கைகாட்டியது. எது காணாமல் போனாலும் அவன்தான்.

டம்ளர் எச்சிலின் டி.என்.ஏ.வில் ஓர் இடத்தில் 7, 9. அவன் நாடாவில் 6, 8. ஓர் இடம் பொருந்தாததே போதும், விடுதலை.

அங்கேதான் இங்கிலாந்துக் கதையை எடுத்தேன். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல், ஆளை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. ரேகையைக் கண்டுபிடித்தார். அந்தப் பக்கம் நடந்த இரண்டு கொலைகளில், ஒன்றைத் தானே செய்ததாக 17 வயதுப் பையன் ஒருவன் போலீசில் ஒப்புக்கொண்டிருந்தான். 1986இல் சோதித்தால், இரண்டுமே அவன் செய்யவில்லை. 1988இல் தண்டனை பெற்றது வேறொருவன். கடைசி பெஞ்சில் சத்தமே இல்லை.

ஐந்தாவது நாடா எல்லா இடத்திலும் பொருந்தியது: பி.டி. சார். ஒரே கூச்சல். விசிலோடு வராண்டாவில் போனவர் திருதிருவென்று விழித்தார். முன் பெஞ்சுப் பெண் மட்டும் கையைத் தூக்கினாள். "டம்ளர்ல எச்சில் இருந்தா சார் தண்ணி குடிச்சாருன்னுதானங்க டீச்சர் அர்த்தம்? வடையை அவர்தான் தின்னாருன்னு எப்படிச் சொல்றது?"

தீர்ப்பை அடுத்த பீரியடுக்கு ஒத்திவைத்தேன்.