வணிக வழக்கில் வக்கீலின் திறமை எங்கே தெரியும்?

ஒப்பந்தத்தை எதிர்த்தரப்பு மீறியது என்று நிரூபித்துவிட்டால் பணம் வந்துவிடும் என்றே பல நிறுவனங்கள் நம்புகின்றன. ஆனால் நஷ்டம் எவ்வளவு, அது அந்த மீறலால்தான் வந்ததா என்ற இடத்தில்தான் நிறைய வழக்குகள் சறுக்குகின்றன. வழக்குரை எழுதும் முன்பே கட்சிக்காரரின் கணக்காளரோடு உட்கார்ந்து லெட்ஜரைப் புரட்டுகிற வக்கீலையே நான் நல்ல வக்கீல் என்பேன்.

1854-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹேட்லி எதிர் பாக்ஸென்டேல் வழக்கு இதற்கு இன்றும் அளவுகோல். உடைந்த ஆலைத் தண்டைக் கொண்டுசென்றவர் தாமதித்தார். ஆலை நின்ற நாட்களின் லாபத்தை உரிமையாளர் கேட்டார். தண்டு வராவிட்டால் ஆலையே ஓடாது என்பது கொண்டுசென்றவருக்கு முன்பே தெரிவிக்கப்பட்டதாக நீதிமன்றம் கருதவில்லை; அதனால் அந்த லாப இழப்பை அவரிடம் கேட்க முடியாது என்றது. ஆகவே இப்படிப்பட்ட இழப்பைக் கேட்பதானால், ஒப்பந்தம் போடும்போதே எதிர்த்தரப்புக்கு விஷயம் தெரியும் என்று காட்டும் ஒரு மின்னஞ்சலாவது கையில் வேண்டும்.

விற்பனைத் தொகை முழுவதையும் நஷ்டமாகக் கேட்பது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த ஆர்டர் நின்றதால் மிச்சமான மூலப்பொருள், கூலி, போக்குவரத்துச் செலவுகளைக் கழிக்க வேண்டும். நஷ்டத்தைக் குறைக்கக் கட்சிக்காரர் வேறு யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கினார் என்பதற்கும் இன்வாய்ஸ் வேண்டும். ஒரு எண் பொய்த்தால் மற்ற எண்களையும் நீதிபதி சந்தேகிப்பார்.

நடந்தவற்றை வரிசையாக எழுதி வக்கீல் வைத்துக்கொள்ளும் தேதிப்பட்டியலில் நான்கு கட்டங்கள் போதும்: தேதி, நடந்தது, ஆவண எண், அதைச் சொல்லப்போகும் சாட்சி. கடைசிக் கட்டம் காலியாக உள்ள வரிகள்தான் ஓட்டைகள். நமக்குப் பாதகமான கடிதங்களும் அதில் இடம்பெற வேண்டும். தகராறு தெரிந்த அன்றே, எந்தச் செய்தியும் அழியக்கூடாது என்று நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். வேலையை விட்டுப்போனவரின் லேப்டாப்பில் உள்ளதையெல்லாம் அழித்து அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவதால்தான் நல்ல சான்றுகள் பறிபோகின்றன.

குறுக்கு விசாரணையில் ஒரு கேள்விக்கு ஒரே உண்மை. ஆவணத்தைக் காட்டிய பிறகே கேள்வி. "ஏன்" என்று கேட்டுச் சாட்சிக்கு மேடை தரக்கூடாது. சாட்சி சொன்னதை மறுக்கப்போகிறோம் என்றால் அந்த மறுப்பை அவர் முன்னாலேயே வைத்தாக வேண்டும். விட்டுவிட்டால் இறுதி வாதத்தில் அதை எழுப்புவது கடினம்.

எதிர்த்தரப்பின் சொத்து எங்கே, யாரிடம் அடமானத்தில் இருக்கிறது என்பதையும் வழக்குப் போடும் முன்பே விசாரித்துவிட வேண்டும். சொத்து கைமாறும் அறிகுறி தெரிந்தால் தடை உத்தரவு கேட்கும் மனுவும் வழக்குரையோடு சேர்ந்தே போக வேண்டும்.