மூன்று விதமான கேட்டல்

ஒன்றாம் வகுப்புக்கு ஆசிரியராகப் போன புதிதில் நான் அதிகம் சொன்ன வார்த்தை "கேளுங்க" என்பதுதான். சொன்னதும் பிள்ளைகள் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். சத்தம் இல்லையென்றால் கேட்கிறார்கள் என்று நம்பினேன்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு மூன்று வேலை. காதால் கேட்பது, சந்தேகம் கேட்பது, சொன்னபடி கேட்பது. நான் கற்றுக்கொடுத்தது மூன்றாவதை மட்டும். முதலாவது தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டாவதைப் பாடத்துக்கு இடைஞ்சலாகவே பார்த்தேன்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். "நோட்டை எடுங்க" என்றால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எல்லோரும் எடுத்த பிறகுதான் எடுப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருநாள் திரும்புவான், ஒருநாள் திரும்பமாட்டான். சொல்பேச்சு கேட்காத பிள்ளை என்று அவன் அம்மாவிடமே சொல்லிவிட்டேன். அவர்தான் சளி பிடித்த பிறகு இப்படி ஆகிறது என்று மருத்துவரிடம் அழைத்துப் போனார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. இந்த வயதில் இது அடிக்கடி வருமாம். வலி இருக்காது, கேட்கும் அளவு மட்டும் கூடும் குறையும், பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும். அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்துப் பார்த்து வகுப்பைச் சமாளித்திருக்கிறான். நான் அதைப் பிடிவாதம் என்றேன். இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

அதன்பிறகு அவனை முன்வரிசைக்கு மாற்றினேன். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதை நிறுத்தினேன். "நோட்டை எடுத்து, தேதி போட்டு, படம் வரைஞ்சு, அப்புறம் பையை மூடுங்க" என்று நான்கு வேலையை ஒரே மூச்சில் சொல்வதையும் விட்டேன். ஐந்தாறு வயதில் அத்தனையும் மனதில் நிற்காது. இரண்டிரண்டாகச் சொன்னேன். அவனுக்காகச் செய்த மாற்றம் வகுப்பு முழுவதற்கும் உதவியது.

காத்திருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக 1 வினாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 வினாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நானும் மனதுக்குள் மூன்று எண்ணிப் பார்த்தேன். வகுப்பில் 3 வினாடி எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும்.

சந்தேகம் கேட்க வைப்பதற்கு ஒரு விளையாட்டு உதவியது. இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார வேண்டும். ஒருவர் கையில் உள்ள படத்தைச் சொல்லச் சொல்ல, மற்றவர் வரைய வேண்டும். முதல் நாள் யாருமே எதுவும் கேட்கவில்லை. சொன்னதை வரைந்துவிட்டுச் சும்மா இருந்தார்கள், வீட்டுக்கு உள்ளே மரம் முளைத்தது. "புரியலைன்னா கேட்கலாம், திருப்பிச் சொல்லச் சொல்லலாம்" என்று பல நாள் சொல்ல வேண்டியிருந்தது. ஆறேழு வாரம் கழித்து ஒரு சிறுமி பென்சிலை நிறுத்திவிட்டு, "மரம் வீட்டுக்குப் பக்கத்துலயா, பின்னாடியா?" என்றாள். அவள் தோழி படத்தை மறுபடி உற்றுப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

கதை நேரத்தில் "ம்" கொட்டச் சொல்வதையும் குறைத்துக்கொண்டேன். தூங்கிக்கொண்டே "ம்" கொட்ட முடியும். கதையை நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேட்டால், யார் கூடவே வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அந்தப் பையனுக்குக் காது சரியாகிவிட்டது என்று அவன் அம்மா சொன்ன வாரம், அவன் கதைக்கு நடுவில் கை தூக்கினான். "டீச்சர், ஃபேன் ரொம்ப சத்தம் போடுது, நீங்க பேசுறது கேட்கலை" என்றான். எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு, கதையை முதலிலிருந்து தொடங்கினேன்.