வி-கிராஸ் பின் ஷாக் மாற்றியாச்சு: கடைசி முறுக்கு தரையில்தான்

பின்பக்க ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) இரண்டையும் மாற்றியாச்சு. பாதி லோடு வைத்து திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்கியும் பார்த்துவிட்டேன், வளைவில் பள்ளம் வந்தால் பின்பக்கம் வெளியே தாவுகிற அந்தக் கெட்ட பழக்கம் சுத்தமாகப் போய்விட்டது. வண்டி 2018 இசுஸு வி-கிராஸ் பிக்கப். கம்பெனியில் வந்த ஷாக்தான் இதுவரை ஓடியது, தாளவாடியிலிருந்து முட்டைகோஸ் மூட்டை இறக்கும் வண்டிக்கு அது நல்ல உழைப்பு என்றே சொல்வேன்.

ஷாக் போய்விட்டதா என்று பார்க்க பின்பக்கத்தை அமுக்கி விடுவது காருக்குச் சரி. பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வைத்த பிக்கப்பில் அதை நம்பாதீர்கள். காலி வண்டியில் பட்டை இறுக்கமாக இருக்கும், பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைப் பாதி அடக்கிவிடும், அதனால் செத்த ஷாக்கும் நல்லதாகத் தெரியும். நான் பார்த்த விதம் வேறு. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் முடிந்து அடிவாரத்துப் பண்ணாரியில் ஓரம் கட்டியதும், கீழே குனிந்து ஒவ்வொரு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் தொட்டேன். குலுக்கலைச் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலையே. அவ்வளவு ஆட்டத்துக்குப் பிறகும் ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இடது பின் ஷாக் அப்படித்தான் இருந்தது, மேல் மூடிக்குக் கீழே எண்ணெய் கசிந்து அதில் செம்மண் அப்பியிருந்தது. சைலன்சர் பக்கம் இருக்கும் ஷாக்குக்கு வெளிச்சூடும் சேரும், அதைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

புது ஷாக் இரட்டைக் குழாய், கேஸ் நிரப்பியது. மோனோடியூப் (ஒற்றைக் குழாய்) வாங்கு என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் எண்ணெயும் நைட்ரஜனும் தனித்தனி அறை, நுரை வராது, சூடும் சீக்கிரம் வெளியேறும், எல்லாம் உண்மை. ஆனால் அதன் வெளிக்குழாயிலேயே பிஸ்டன் ஓடுகிறது, ஜல்லி பட்டு ஒரு நசுங்கல் விழுந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். எங்கள் தோட்டத்து வழிக்கு இரட்டைக் குழாய்தான் பத்திரம். மாட்டும் முன் நிமிர்த்தி வைத்து முழுசாக நீட்டி அமுக்கி, நீட்டி அமுக்கி உள்குழாயில் புகுந்திருக்கும் வாயுவை வெளிக்குழாய்க்கு ஒதுக்கிவிட வேண்டும். படுக்க வைத்து லாரியில் வந்த ஷாக்கை அப்படியே மாட்டிவிட்டு, முதல் நாளே கடகடக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய.

பழையதைக் கழற்றுவதில் வலது ஷாக்கின் கீழ்க் கண்தான் (போல்ட் நுழையும் வளையம்) உயிரை எடுத்தது. நட்டு சுலபமாக வந்துவிட்டது. ஆனால் அந்த வளையத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழல் போல்ட்டோடு துருவில் ஒட்டிப்போய், அடித்தால் ரப்பர் துள்ளுகிறது, குழல் அசையவில்லை. துரு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தும் பலனில்லை. கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டலாமா என்று ஒருவர் கேட்டார், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மூடிய குழாய்க்குள் எண்ணெயும் அழுத்தமான வாயுவும் இருக்கிறது. நான் கண்ணின் வெளி வளையத்தை கிரைண்டரால் வெட்டி எடுத்தேன், ரப்பரைக் கத்தியால் கீறி உரித்தேன், மிஞ்சிய குழலில் நீளவாக்கில் ஆக்ஸா பிளேடால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் உளியை வைத்து ஒரு தட்டு. குழல் வாய் பிளந்து கழன்று வந்தது. போல்ட்டுக்கு ஒரு கீறல் இல்லை! திரும்ப மாட்டும்போது போல்ட்டின் வழுவழுப்பான பகுதியில் மட்டும் காப்பர் கிரீஸ் மெல்லிசாகத் தடவினேன். மரையில் தடவினால், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவை நம்ப முடியாது.

இனி முக்கியமான விஷயம். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) தொங்கினால் ஷாக்கை மாட்டுவது எளிது, கேஸ் ஷாக்கை அமுக்கிப் போராட வேண்டாம். அதுவரை சரி. உதவிக்கு வந்த பட்டறைப் பையன் அப்படியே ஸ்பேனரைப் போட்டான், "அண்ணே, டைட் பண்ணிட்டே இறக்கிடலாம்ணே." விடவில்லை. ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. போல்ட்டை இறுக்கினால் உள்குழல் பிராக்கெட்டோடு பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஷாக் சாய்வதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். ஆக்ஸில் தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை, வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுக்கியே கிடக்கும். லோடு ஏற்றினால் இன்னும் முறுக்கும், ஷாக் நன்றாக இருக்கும்போதே புஷ் கிழியும். அதனால் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பட்டை உட்கார்ந்த பிறகு அடியில் படுத்து நான்கு நட்டையும் டார்க் ரெஞ்சில் முறுக்கினேன். பிக்கப் உயரத்துக்கு சக்கரத்தைக் கழற்றாமலே கை தாராளமாகப் போகும். எப்போதும் லோடோடு ஓடும் வண்டி என்றால் வழக்கமான லோடில் பாதியை வைத்து முறுக்குவது இன்னும் நல்லது, நான் அப்படித்தான் செய்தேன்.

கழற்றிய இடது ஷாக்கைக் கையால் அமுக்கினால் பாதி வரை தடையே இல்லை, உள்ளே களக் களக் என்கிறது, விட்டால் திரும்பி வருவதும் இல்லை.

பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்ஷையும் சேர்த்து மாற்றலாம் என்று சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரித்தேன். பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் வரும் என்கிறார்கள், ஆனால் எங்கள் புழுதிக்கு அடிக்கடி கிரீஸ் வைக்காவிட்டால் கத்தத் தொடங்கும். ரப்பரே போதும். பட்டையில் ஒரு இலை கூட்டலாமா என்பதும் ஓடிக்கொண்டிருக்கிறது, கூட்டினால் காலி வண்டி மறுபடி குதிக்கும், புது ஷாக்கால் அதை எவ்வளவு அடக்க முடியும் என்று தெரிந்த பிறகு பார்க்கலாம்.

முன்பக்கம் பாக்கி. அங்கே காயில் ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றி இருப்பதால், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துத்தான் மேல் நட்டைத் தொட முடியும். கடையில் கிடைக்கும் கொக்கி வைத்த அமுக்கியை பிக்கப் ஸ்பிரிங்குக்கு நான் நம்ப மாட்டேன், நழுவினால் கை போகும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி, சுவரில் பதித்த பெரிய அமுக்கி வைத்திருக்கும் பட்டறைக்கு எடுத்துப் போவதாக முடிவு. மாட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட். முன் டயரில் விளிம்பெல்லாம் குழி குழியாகத் தேய ஆரம்பித்திருக்கிறது, அதனால் மஞ்சள் அறுவடை ஓட்டம் தொடங்கும் முன் அதையும் முடித்துவிட வேண்டும்.